லினக்ஸில் பாடம் பதிவு செய்வது: கறுப்புத் திரை, திறக்காத ஃபைல், படம் வராத டிவி

மாடிப்படி:
வணக்கம். வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வராத பிள்ளைகளுக்காகப் பாடத்தைத் திரையில் எழுதிக்கொண்டே பேசி, அப்படியே பதிவு செய்து அனுப்புவது வழக்கம். எழுதுவது ஸோர்னல் பிளஸ்பிளஸில், ஒரு சின்ன பேனா டேப்லெட் வைத்து. பதிவுக்கு சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர். பழைய ஐ3 லேப்டாப், 8 ஜிபி ராம். உபுண்டு 20.04 இருந்தவரை பெரிய தொல்லை இல்லை. போன வாரம் 24.04 போட்டேன், இப்போது மூன்று தலைவலி.

முதலாவது, பதிவு செய்தால் திரை முழுக்கக் கறுப்பு, குரல் மட்டும் சுத்தமாக வருகிறது. இரண்டாவது பழைய கதை. முக்கோணவியல் பாடம், 46 நிமிடம் பேசியிருப்பேன், கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, அதனால் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தது. எம்பி4 ஃபைல் கிட்டத்தட்ட 200 எம்பிக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை, விஎல்சியில் கூட. அழிக்க மனசு வராமல் வைத்திருக்கிறேன். மூன்றாவது, லேப்டாப் திணறுகிறதே என்று பக்கத்து வீட்டுத் தம்பி 20.04 இருந்தபோது டெர்மினலில் போட ஒரு வரிக் கட்டளை எழுதிக் கொடுத்தார். அதில் எடுத்த 12 பாடமும் என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகின்றன. ஒரு பையன் வீட்டில் போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார், அதனால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் டிவியில் குரல் வருகிறது, படம் இல்லை.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டாம்.

நள்ளிரவு_டீ:
கறுப்புத் திரைக்கு இரண்டு நிமிட வேலைதான் சார். லாக் அவுட் பண்ணுங்கள், உங்கள் பெயரைச் சொடுக்கியதும் கீழே வலது மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும், அதில் உபுண்டு ஆன் சோர்க் என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர் பழையபடி வேலை செய்யும்.

தகரப்பெட்டி:
டீ சொன்னது வேலை செய்யும், ஆனால் அதில் செட்டில் ஆகிவிடாதீர்கள். பழைய எக்ஸ்11 முறையில் (டீ சொன்ன சோர்க் அதுதான்) எந்த நிரலும் அடுத்த நிரலின் ஜன்னலை எட்டிப் பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்தச் சலுகையில்தான் சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர் ஓடியது. 24.04 உங்களை நேரே கொண்டுபோய்விடும் புதிய முறையான வேலாண்டில் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது, திரை வேண்டுமென்றால் நிரல் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்கத் தெரியாத நிரலுக்குக் கறுப்புதான். உபுண்டு 25.10இல் அந்தப் பல்சக்கர வழியையே எடுத்துவிட்டார்கள், ஆகவே இன்றில்லாவிட்டால் நாளை மாறத்தான் வேண்டும்.

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவசப் பதிவு நிரலைப் போடுங்கள். வேலாண்டில் கேட்டு வாங்கும் வித்தை 2021இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்தே அதில் உண்டு. முதலில் பார்த்தால் விமானி அறை போல இருக்கும், பயப்பட வேண்டாம், உங்களுக்கு வேண்டியது நாலு பொத்தான். சோர்சஸ் என்ற கட்டத்தில் பிளஸ் அழுத்தி, ஸ்கிரீன் கேப்சர் என்பதில் பைப்வயர் என்று போட்டிருப்பதை எடுங்கள். எந்தத் திரை, எந்த ஜன்னல் என்று ஒரு பெட்டி கேட்கும். ஸோர்னல் ஜன்னலை மட்டும் காட்டினால் நடுவில் வரும் வாட்ஸாப் அறிவிப்பு பாடத்தில் பதியாது.

ஐ3க்கு: அவுட்புட் அளவு 1280க்கு 720, வினாடிக்கு 15 பிரேம் போதும். நீங்கள் எழுதுவது கணக்கு, கிரிக்கெட் இல்லை. மைக்குக்கு ஃபில்டரில் நாய்ஸ் சப்ரஷன், அதில் ஆர்என்நாய்ஸ். ஃபேன் சத்தம் போய்விடும். குக்கர் விசில் போகாது, அதை அடுப்பிலேயே நிறுத்த வேண்டியதுதான்.

இதைவிட முக்கியம் பதிவாகும் வடிவம். எம்பி4 என்பது பகல் முழுக்கச் சாமான் கொடுத்துவிட்டு ராத்திரி கடை சாத்தும்போது மட்டும் கணக்கு எழுதும் கடைக்காரர் மாதிரி. எந்த பிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் சாமான் எல்லாம் இருக்கும், கணக்கு நோட்டு இருக்காது. உங்கள் 200 எம்பிக்கு ஆனது அதுதான். எம்கேவி ஒவ்வொரு வியாபாரத்தையும் அப்போதைக்கப்போதே எழுதிவைக்கும். கரண்ட் போனாலும் கடைசி ஓரிரு வினாடிதான் நஷ்டம். எனவே ஓபிஎஸ்ஸில் எம்கேவியாகவே பதியுங்கள், முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்தால் எம்பி4 தயார். செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் ஒரு டிக் போட்டால் தானாகவே செய்துவிடும்.

ஓட்டைக்குடை:
ஒரு பாடம் பதிய ஓபிஎஸ் எதற்கு? கண்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் ஆர் அழுத்தினால் உபுண்டுவிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டர் இருக்கிறதே.

மாடிப்படி:
அதைத்தான் முதலில் முயன்றேன். குரலே பதியவில்லை. 20 நிமிடம் வாய் வலிக்கப் பேசியபிறகு தெரிந்தது. அப்புறம், நான் சார் இல்லை, டீச்சர்.

எம்கேவியை எம்பி4 ஆக மாற்றினால் தரம் குறையாதா? தம்பி மாற்றும்போதெல்லாம் லேப்டாப் அரை மணி நேரம் இரைச்சல் போடும்.

தகரப்பெட்டி:
நல்ல கேள்வி டீச்சர், இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புவார்கள். எம்கேவி, எம்பி4, வெப்எம் எல்லாம் டப்பாவின் பெயர். உள்ளே இருக்கும் குழம்புதான் ஹெச்.264, ஏவி1, விபி9 என்பதெல்லாம். எவர்சில்வர் டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் ருசி மாறாது, சில வினாடி வேலை. ரீமக்ஸ் அதுதான். தம்பி செய்தது குழம்பைத் திரும்பக் கொதிக்கவைத்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ருசி போகும், அடுப்பும் எரியும், உங்கள் ஃபேன் இரைவதும் அதனால்தான். எந்தக் கோப்பையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டியது வேறு டப்பாவா, வேறு குழம்பா?

டெர்மினலில் டப்பா மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி இருக்கிறது. போனில் சொல்வது போலச் சொல்கிறேன்: எஃப்எஃப்எம்பெக், இடைவெளி, ஹைஃபன் ஐ, இடைவெளி, உங்கள் எம்கேவி கோப்பின் பெயர், இடைவெளி, ஹைஃபன் சி, இடைவெளி, காப்பி, இடைவெளி, புதிய எம்பி4 பெயர். அந்த காப்பி என்ற சொல்தான் அடுப்பைப் பற்றவைக்காதே என்ற கட்டளை. அது இல்லாவிட்டால் சொல்லாமலே சமைக்க ஆரம்பித்துவிடும்.

நள்ளிரவு_டீ:
எஃப்எஃப்எம்பெக் என்றதும் ஞாபகம் வருகிறது, 2014 வாக்கில் உபுண்டுவில் அதை அடித்தால் இது காலாவதி ஆகிவிட்டது, ஏவிகான்வ் பயன்படுத்து என்று வரும். நானும் நம்பி எல்லா ஸ்கிரிப்டையும் மாற்றினேன்.

தகரப்பெட்டி:
அது பங்காளிச் சண்டை. 2000இல் பாப்ரிஸ் பெல்லார் தொடங்கியது எஃப்எஃப்எம்பெக். 2011இல் ஒரு பிரிவினர் லிபாவ் என்று தனிக்குடித்தனம் போனார்கள், ஏவிகான்வ் அவர்கள் கருவி. டெபியனும் உபுண்டுவும் அவர்கள் பக்கம் சாய்ந்தன. அந்த எச்சரிக்கை வரி அப்போது வந்தது, மூல எஃப்எஃப்எம்பெக் ஒரு நாளும் நிற்கவே இல்லை. 2015இல் இரண்டுமே பழைய வீட்டுக்குத் திரும்பின. லிபாவ் இன்று அசைவற்றுக் கிடக்கிறது. நானும் உங்களைப் போல ஸ்கிரிப்டை மாற்றி, திரும்ப மாற்றியவன்தான், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

முருங்கைக்காய்:
டீச்சர், அந்த முக்கோணவியலை அழித்துவிடாதீர்கள். அன்ட்ரங்க் என்று ஒரு கட்டற்ற கருவி இருக்கிறது, இந்த மாதிரிக் கணக்கு நோட்டு தொலைந்த எம்பி4களுக்காகவே எழுதியது. அதற்கு இரண்டு கோப்பு வேண்டும், ஒன்று உடைந்தது, இன்னொன்று அதே மென்பொருளில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பு. நல்லதைப் பார்த்து, ஓஹோ, இந்த வீட்டில் இப்படித்தான் அடுக்குவார்களா என்று தெரிந்துகொண்டு, உடைந்ததற்குப் புதிய பட்டியல் எழுதும். உங்களிடம் அதே சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டரில் எடுத்த நல்ல பாடங்கள் நிறைய இருக்குமே, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு, பிரேம் வேகம், ஆடியோ எல்லாம் உடைந்ததும் நல்லதும் ஒன்றாக இருக்க வேண்டும், அதில் தப்பினால் வெறும் பச்சைக் கோடுதான் வரும். என் அக்கா கல்யாண வீடியோவில் ஒரு பகுதியை இப்படித்தான் மீட்டேன், கேமரா மெமரி கார்டை யாரோ நடுவில் உருவிவிட்டார்கள்.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய வேண்டியிருக்கும், தம்பியைக் கூப்பிடுங்கள்.

மாடிப்படி:
தம்பி இன்று ராத்திரி வருகிறார். டிவிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

தகரப்பெட்டி:
எம்பிவி பிளேயர் போட்டு, அந்த 12இல் ஒன்றை ஓடவிட்டு, ஐ எழுத்தை அழுத்துங்கள். ஓரத்தில் விவரம் வரும். வீடியோ பகுதியில் ஃபார்மட் என்பதற்கு நேரே என்ன இருக்கிறது?

மாடிப்படி:
ஒய்யுவி444பி.

தகரப்பெட்டி:
நினைத்தேன். தம்பி கட்டளையில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, அவர் மேல் தப்பில்லை, எல்லாரும் ஒரு தடவை இதில் விழுந்திருப்போம். திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் உண்டு. எஃப்எஃப்எம்பெக்கிடம் ஒன்றும் சொல்லாமல் திரையைக் கொடுத்தால், எதையும் இழக்க வேண்டாம் என்று அதை அப்படியே 444ஆகச் சேமிக்கும். ஆனால் டிவி, போன் ஆகியவற்றில் இருக்கும் சில்லு எதிர்பார்ப்பது 420, அதாவது நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரு நிறம். வெளிச்சம் மட்டும் புள்ளிக்குப் புள்ளி இருக்கும். 444ஐப் பார்த்ததும் டிவி கைவிரித்துவிடும், ஆடியோவை மட்டும் பாடும். விஎல்சியும் எம்பிவியும் எதைக் கொடுத்தாலும் தின்றுவிடும், அதனால் லேப்டாப்பில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நம்புவது ஏமாற்று வேலை. பென் டிரைவில் போட்டு ஒரு தடவை டிவியில் பார்த்தால்தான் உறுதி.

இதற்கு டப்பா மாற்றினால் போதாது, திரும்பச் சமைத்தே ஆக வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலைத் திறந்து 12 கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் கொடுங்கள், பிரீசெட் ஃபாஸ்ட் 720பி30, வீடியோ தாவலில் என்கோடர் ஹெச்.264, ப்ரொஃபைல் மெயின். மெயினில் 420 தவிர வேறு வராது. வெப் ஆப்டிமைஸ்டு என்ற டிக்கையும் போடுங்கள், கணக்கு நோட்டைக் கோப்பின் தலைப்பக்கத்துக்குக் கொண்டுவரும், லிங்கில் பார்க்கும் பிள்ளைக்கு முழுக்க இறங்கும் முன்பே ஓடத் தொடங்கும். எல்லாவற்றையும் க்யூவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். தம்பிக்குச் சொல்ல: ஹைஃபன் பிக்ஸ் அண்டர்ஸ்கோர் எஃப்எம்டி, அப்புறம் ஒய்யுவி420பி.

ஒரே ஒரு எச்சரிக்கை. 420இல் மெல்லிய சிவப்புக் கோடும் நீலக் கோடும் கறுப்புப் பின்னணியில் கசங்கித் தெரியும், நிறத்தைத்தானே குறைக்கிறோம். திருத்தம் போடச் சிவப்புப் பேனா பிடிப்பவர் என்றால் பேனாவைத் தடிமனாக்குங்கள், இல்லை மஞ்சளுக்கு மாறுங்கள்.

ஓட்டைக்குடை:
திரும்பச் சமைப்பது என்று ஆன பிறகு இன்னும் ஹெச்.264 எதற்கு? அது 2003 சரக்கு. ஏவி1 போட்டால் அதே தரம் பாதி அளவில் வரும், ராயல்டியும் கிடையாது. கட்டற்ற மென்பொருள் பேசுகிற இடத்தில் காப்புரிமை உள்ள கோடெக்கைச் சிபாரிசு செய்கிறீர்களே.

தகரப்பெட்டி:
கொள்கை சரி. என் சொந்தச் சேமிப்பு எல்லாம் ஏவி1தான். ஆனால் அந்தப் பையன் வீட்டு டிவியில் ஏவி1 ஓடாது, ஹெச்.264ஐயே ஒழுங்காகக் கொடுத்தால்தான் ஓடுகிறது. விலை குறைந்த பல போன்களில் ஏவி1க்கான சில்லு இல்லை, டேவ்1டி என்ற நிரலின் புண்ணியத்தில் மென்பொருளாகவே ஓடினாலும் போன் சூடாகும், பேட்டரி இறங்கும். டீச்சருடைய ஐ3இல் 50 நிமிடத்தை ஏவி1 ஆக்கினால் விடிந்துவிடும். யார் பார்க்கப்போகிறார்கள் என்பதைப் பார்த்துத்தானே சமைக்க முடியும்.

ஓட்டைக்குடை:
இப்படி எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தால் ஏவி1 எப்போது பரவும்? சரி, டிவி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆடியோவையாவது ஓபஸ் ஆக்குங்கள், பேச்சுக்கு அதை அடிக்க ஆள் இல்லை.

தகரப்பெட்டி:
பழைய டிவியில் ஓபஸ்ஸும் பேசாது அண்ணே. இப்போது படம் மட்டும் இல்லை, அப்புறம் குரலும் போய்விடும். ஏஏசி, ஒற்றைச் சேனல், 64 கேபிபிஎஸ்.

அளவுக்கு ஒரு கணக்கு, டீச்சருக்குப் பிடிக்கும். எழுத்துப் பாடத்துக்கு வீடியோ 300 கேபிபிஎஸ் தாராளம். ஆடியோ 64. மொத்தம் 364. 50 நிமிடம் 3000 வினாடி. பெருக்கி எட்டால் வகுத்தால் 136 எம்பி சொச்சம். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் அது ஒரு தடவை தன் பங்குக்குச் சமைத்து எழுத்தை எல்லாம் கரைத்துவிடும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை தொடாமல் போகும்.

மாடிப்படி:
அப்படியா! பிள்ளைகள் அடுக்கு எண் தெரியவில்லை டீச்சர் என்று சொல்லும்போதெல்லாம் கண்ணாடி போடுங்கடா என்று திட்டியிருக்கிறேன்.

முருங்கைக்காய்:
இழைக்குச் சற்று வெளியே, தமிழ் சப்டைட்டில் பற்றி. வினாக்களைக் கீழே எழுத்தாகப் போடலாம் என்று டீச்சர் என்றைக்காவது நினைத்தால்: விஎல்சி 2 காலத்தில் தமிழ் சப்டைட்டில் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் அதில் இல்லை. 2018இல் வந்த 3ஆம் பதிப்பில் சரியானது. எம்பிவியில் லிபாஸ் வழியாக நன்றாகவே வரும், நோட்டோ சான்ஸ் தமிழ், இல்லை லோஹித் எழுத்துரு இருந்தால் சரி. சப்டைட்டில் எழுதும் எஸ்ஆர்டி கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். டிவியை மட்டும் நம்ப வேண்டாம், பென் டிரைவிலிருந்து எஸ்ஆர்டியை எடுத்துத் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டிய டிவிகளைப் பார்த்திருக்கிறேன். டிவிக்கு என்றால் ஹேண்ட்பிரேக்கில் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுவதுதான் வழி.

நள்ளிரவு_டீ:
டீச்சர், ஹேண்ட்பிரேக் நிறுவும்போது எம்பி4 விஷயத்தில் ஏதாவது மக்கர் பண்ணினால் உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற பொதியைப் போட்டீர்களா என்று பாருங்கள். நான் பயன்படுத்துவது ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ், எங்களுக்கு அது ஒரு தனிப் புராணம். காப்புரிமைப் பயத்தில் எஃப்எஃப்எம்பெக்கையே கை கால் வெட்டித்தான் கொடுப்பார்கள், முழுசு வேண்டும் என்றால் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும்.

மாடிப்படி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். 12 பாடமும் மாற்றியாகிவிட்டது, பையன் வீட்டு டிவியில் படம் வருகிறதாம். ஓபிஎஸ்ஸில் இரண்டு பாடம் பதிந்தேன், ஃபேன் சத்தமே இல்லை, நானே ஏதோ ஸ்டுடியோவில் பேசுவது போல இருந்தது. முதல் பாடத்தின் நடுவில் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். எம்கேவி திறந்தது. கடைசியில் பேசிய ஒரு வார்த்தைதான் காணோம்.

முக்கோணவியல் திரும்பி வந்துவிட்டது. தம்பி முதலில் வேறு அளவில் எடுத்த பாடத்தை மாதிரியாகக் கொடுத்துப் பச்சைக் கோடு வந்தது, அப்புறம் அதே வாரத்தில் எடுத்ததைக் கொடுத்ததும் 45 நிமிடம் சொச்சம் அப்படியே வந்தது. முருங்கைக்காய்க்கு நன்றி. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். 31ஆவது நிமிடத்தில் ஒரு பிளஸ்ஸை மைனஸ் என்று போட்டு, அதை வைத்தே நாற்பது வினாடி விளக்கியிருக்கிறேன். இத்தனை பாடுபட்டு மீட்டது தப்பான கணக்கு. அந்த நாற்பது வினாடியை மட்டும், திரும்பச் சமைக்காமல், வெட்டி எடுக்க முடியுமா?

தகரப்பெட்டி:
முடியும், லாஸ்லெஸ்கட் என்ற நிரல் இதற்குத்தான். ஆனால் சமைக்காமல் வெட்டினால் நினைத்த இடத்தில் கத்தி விழாது. ஹெச்.264இல் முழுப் படம் எப்போதாவது ஒரு தடவைதான் வரும், அதைக் கீஃபிரேம் என்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். வெட்டிய பிறகு மீதிப் பாடம் ஒரு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். ஹெச்.264 சமைக்கும் எக்ஸ்264 என்ற நிரல் சும்மா விட்டால் அதிகபட்சம் 250 பிரேமுக்கு ஒரு முறை முழுப் படம் வைக்கும், வினாடிக்கு 30 பிரேம் என்றால் எட்டு வினாடி. ஆகவே நாற்பது வினாடிக்குப் பதில் நாற்பத்தெட்டு போகலாம். இப்போது ஓபிஎஸ்ஸில் 15 பிரேமில் எடுக்கிறீர்கள், அதில் இடைவெளி பதினாறு வினாடிக்கு மேல் வரும், ஆகவே செட்டிங்ஸில் கீஃபிரேம் இன்டர்வலை 2 என்று இன்றே போட்டுவிடுங்கள்.

மாடிப்படி:
எட்டு வினாடி போனால் சரியான விடையும் சேர்ந்து போகிறது. விடுங்கள், தப்பை அப்படியே வைத்துவிட்டு, 31ஆவது நிமிடத்தில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடித்து எழுதி வருபவருக்கு இரண்டு மதிப்பெண் என்று அனுப்பிவிட்டேன். இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் 18ஆவது நிமிடத்தில் இன்னொன்றைக் காட்டுகிறார்கள்.